நாலாவது ரவுண்டுக்கு எழாத தேசிங்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் எங்கள் அடையாறு அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் தேசிங்கின் மனைவி கஸ்தூரியின் அண்ணன். "தேசிங்கு பூட்டாரு சார். காலைல, ராயப்பேட்டை ஆஸ்பத்திரில" என்றார். ஒரு நண்பன் இறந்த செய்தி வந்தால் எப்போது, எப்படி என்று கேட்பார்கள். நான் கேட்டது, "தலையிலயா?" என்று. அவருக்குப் புரியவில்லை. "இன்னா சார்?" என்றார். தலையில் ஏதாவது கோளாறா என்று விளக்கிக் கேட்டேன். "இல்ல சார், காமாலை. பதினஞ்சி நாளா படுத்துக்கினு இருந்தாரு. முத்திப் போச்சி." நான் "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

நாற்பதைக்கூடத் தொடாத ஒரு மனிதன் செத்துப்போயிருக்கிறான், நான் அப்பாடா என்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை, நம் மனமகிழ் மன்றத்து மலரைப் படிக்கும் உங்களுக்கெல்லாம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. நந்தனம் அலுவலகத்தில் அவனோடு வேலை பார்த்தவர்கள் நீங்கள். அவனைப் பற்றி ஒரு தப்பான கதையை ஐந்து வருடமாக உங்களிடம் சொல்லிவந்தவன் நான். இன்னொன்று: உயிரோடு இருந்தவரை அவன் இவன் என்றுதான் பேசினேன். இப்போது திடீரென்று "அவர்" போட்டால் அவனே சிரிப்பான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் தேசிங்கு வேலைக்கு வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. நொச்சிக்குப்பத்துக்காரன். குத்துச்சண்டையில் மாநில அளவில் மெடல் வாங்கியவன். தபால் பிரிவில் எனக்கு எதிர் மேஜை. முதல் நாளே என்னை "ஐயரே" என்று கூப்பிட்டான். நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி ஐயரே" என்றான். அதற்குப் பிறகு நான் திருத்தவில்லை. தபாலில் முத்திரை குத்துவதை மட்டும் அவன் கையில் கொடுக்கக் கூடாது என்று பிரிவுத் தலைவர் உத்தரவு போட்டார். அவன் குத்தினால் அடியில் இருக்கும் நாலு உறையிலும் முத்திரை விழுந்தது.

ரிங்கின் மூலையில் இருந்து வீரனைக் கவனித்துக்கொள்ளும் கார்னர் ஆளாக நான் அவனுக்கு ஆனதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். அலுவலகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் பூர்த்தி செய்ய, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை அனுப்பினார்கள். போன இடத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க ஆள் இல்லை. பிடித்தேன். அடுத்த முறை துண்டையும் கொடுத்தார்கள். மூன்றாவது முறை, ரவுண்டுக்கு நடுவில் அவன் வாயிலிருந்து எச்சிலும் ரத்தமுமாக, பல்லுக்குக் காவலாக மாட்டும் மவுத் பீசை என் உள்ளங்கையில் வாங்கிக் கழுவிக்கொண்டிருந்தேன். கொசுவை அடிக்கவே இரண்டு தரம் யோசிக்கிற ஆள் நான். ஒன்பது வருடம் அந்த மூலையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

அந்தத் துண்டால் வீட்டில் மாட்டிக்கொண்டேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் நான் ஆபீஸ் விட்டு எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு நாள் அம்மா துவைக்கிற கல்லில் துண்டை விரித்துப் பார்த்துவிட்டு, "என்னடா இது, ரத்தமா?" என்றாள். ஆபீஸில் ஒருத்தருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, துடைத்தேன் என்றேன். அது பொய்யில்லை. அம்மா விடவில்லை. "ஆத்துக்கு வரச்சே வாராவாரம் இதே துண்டு, இதே ரத்தம். அந்த மனுஷனை டாக்டரண்ட அழைச்சுண்டு போகப்படாதோ?" என்றாள். மறுநாள் தேசிங்கிடம் சொன்னேன். அவன் ஞாயிற்றுக்கிழமை நேராக எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, "அம்மா, அந்த மூக்கு நான்தான்" என்றான். அம்மா அவனுக்கு மோர் கொடுத்தாள். மூக்குக்கு என்ன வைத்தியம் என்று அரை மணி நேரம் சொன்னாள், அவனும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு கேட்டான்.

அவனுக்கென்று சில வாக்கியங்கள் உண்டு. "மூக்குல அடிச்சா கோவம் வரும் ஐயரே, வயித்துல அடிச்சா புத்தி வரும்" என்பான். தோற்ற சண்டைக்குப் பிறகு யாராவது நடுவரைத் திட்டினால், "அவரு கண்ணுக்கு அப்டி தெரிஞ்சிக்கீது, அவர இன்னா பண்றது" என்று முடித்துவிடுவான். நடந்ததை நடந்தபடி சொல்லுவதுதான் அவன் வழக்கம். நானோ எல்லாவற்றுக்கும் ஒரு உள்ளர்த்தம் தேடுகிற ஆள். இந்த வித்தியாசம் பின்னால் என்னை எவ்வளவு படுத்தியது என்று சொல்கிறேன்.

அப்போதெல்லாம் அமெச்சூர் குத்துச்சண்டை மூன்றே ரவுண்டுதான். தலைக்கவசம் உண்டு, பனியன் உண்டு. மூன்றாவது ரவுண்டு மணி அடித்ததும் கார்னர் ஆளுக்கு வேலை ஒன்றுதான்: கவசத்தைக் கழற்றி, இரண்டு கையுறையையும் அவிழ்த்து, முகத்தைத் துடைத்து நடுவே அனுப்ப வேண்டும். வெறுங்கையோடு போய் நின்றால்தான் நடுவர் ஜெயித்தவன் கையைத் தூக்குவார். ஒன்பது வருடத்தில் இதை நான் எத்தனை தரம் செய்தேனோ, மணிச் சத்தம் கேட்டதும் என் விரல் தானாகக் கையுறைக் கயிற்றைத் தேடும்.

முப்பத்தொரு வயதில் மாநில அணியிலிருந்து அவன் பெயர் விடுபட்டது. அந்தச் சமயத்தில் தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், சண்டைப் பைத்தியம், சென்னையில் தொழில்முறைப் போட்டி நடத்தப் போகிறேன் என்று கிளம்பினார். ஆறு ரவுண்டு. கவசம் கிடையாது, பனியன் கிடையாது, கையுறை சின்னது. அதில் ஒரு தரம் ஏறிவிட்டால் அமெச்சூர் பக்கம் திரும்பவே முடியாது. அமெச்சூர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "யோசிச்சுக்கோ" என்றேன். "மூடுன மூஞ்சியோட பத்து வருஷம் அடிச்சிட்டேன் ஐயரே. எங்க குப்பத்து ஜனங்களுக்கே ரிங்குல இருக்கறது நான்தானான்னு சந்தேகம். ஒரு தபா மூஞ்சிய தொறந்து வெச்சி நிக்கணும்" என்றான். அட்டையைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவன் சாப்பிடவில்லை. பாத்திரக்கடைக்காரர் தொழில் தெரிந்த கார்னர் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார். தேசிங்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஐயர் இல்லாமல் ஏற மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றான். அந்தக் கார்னர் ஆளைத் தண்ணீருக்கும் முக்காலிக்கும் வைத்துக்கொண்டோம்.

இடம் கிடைத்தது தி. நகரில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடந்தது. மணமேடையை மறைத்து ரிங் கட்டினார்கள். எதிராளி பெங்களூர்க்காரன், அவனுக்கு மணமகன் அறை. எங்களுக்கு மணமகள் அறை. கண்ணாடி முழுக்க யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு. அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டு நான் தேசிங்குக்குக் கையில் துணி சுற்றி, கையுறை மாட்டி, கயிற்றின் மேல் டேப் ஒட்டினேன். அவன் கண்ணாடியைப் பார்த்து, "பொண்ணு ரெடியா கீது, மாப்ள ரெடியான்னு கேளு" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான், ஆனால் கண்ணாடியில் இடது கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் கூசுகிறது என்று நினைத்தேன்.

நொச்சிக்குப்பத்திலிருந்து இரண்டு வேன் ஜனம் வந்திருந்தது. அவன் முகத்தை மூடாமல் ரிங்கில் ஏறியபோது அவர்கள் போட்ட சத்தத்தை நான் மறக்க மாட்டேன். சண்டையும் அதற்கேற்ற மாதிரி அமைந்தது. இடது பக்கத்தை உயரத் தூக்கி மறைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வேலை செய்தான். புதுப் பாணியாக இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். இரண்டாவது ரவுண்டில் பெங்களூர்க்காரனை ஒரு முறை கீழே உட்கார வைத்தான். மூன்றிலும் தேசிங்குதான் மேலே இருந்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவது ரவுண்டு முடிந்து மணி அடித்தது.

தண்ணீர்க்காரர் முக்காலியைத் தள்ளினார், தேசிங்கு வந்து உட்கார்ந்தான். நான் கத்தரியை எடுத்து இடது கை டேப்பை வெட்டினேன், கயிற்றை அவிழ்த்தேன், கையுறையை உருவி எடுத்துக் கீழே வைத்தேன். அவன் பேசாமல் வலது கையையும் என்னிடம் நீட்டினான். அந்த டேப்பையும் வெட்டி, கயிற்றைப் பாதி அவிழ்த்திருந்தபோது தண்ணீர்க்காரர், "யோவ், இன்னாய்யா பண்றே" என்றார். அடுத்த ரவுண்டுக்குப் பத்து நொடி என்று விசில் ஊதினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இது ஆறு ரவுண்டு. இன்னும் மூன்று இருக்கிறது.

கையுறையைத் திரும்ப மாட்ட ஒரு நிமிடமாவது வேண்டும். என் கை நடுங்கியது, கயிறு கையுறைத் துளையில் நுழையவில்லை. நான்காவது ரவுண்டுக்கு மணி அடித்தது. பெங்களூர்க்காரன் நடு ரிங்கில் நின்றுகொண்டிருந்தான். நடுவர் எங்கள் மூலைக்கு வந்து குனிந்து தேசிங்கிடம் ஏதோ கேட்டார். நான், "சார், ஒரே நிமிஷம் சார், என் தப்பு சார்" என்று கத்திக்கொண்டிருந்தேன். தேசிங்கு தலையை ஆட்டினான். நடுவர் போய் மற்றவன் கையைத் தூக்கிவிட்டார். முடிவுத் தாளில், "மூன்றாவது ரவுண்டு முடிவில் விலகினார்" என்று எழுதினார்கள்.

வேனில் வந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நியாயம்தான். அவர்கள் பையன் ஜெயித்துக்கொண்டிருந்த சண்டையைக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் கத்தரியால் முடித்துவிட்டான். தேசிங்கு நடுவில் புகுந்தான். "ஐயர் மேல எவனும் கைய வெக்கக் கூடாது. நான்தான் போதும்னு எந்திரிக்கல. போங்க" என்றான். அவர்கள் என்னை விட்டுவிட்டார்கள். அவனைப் பார்த்த பார்வைதான் மாறியது. பயந்துவிட்டான் என்று குப்பத்தில் பேசினார்கள். பாத்திரக்கடைக்காரர் மறுபடி கூப்பிடவில்லை. தொழில்முறையில் அவன் வாழ்க்கை அந்த மூன்று ரவுண்டோடு சரி. அமெச்சூர் அட்டையோ ஏற்கெனவே போய்விட்டது. மறுவாரம் பதினைந்து நாள் விடுப்பு போட்டான். அவமானம் தாங்காமல் என்று நான் முடிவுகட்டினேன்.

திரும்பி வந்த பிறகும் அதையே சொன்னான். டீக்கடையில், கேன்டீனில், பஸ் ஸ்டாப்பில், நான் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம், "நான்தான் போதும்னேன் ஐயரே, வுடு" என்பான். கையுறைக் கோளாறு என்று முடிவை மாற்றி எழுதச் சொல்லி நான் ஒரு மனு தயார் செய்தேன். அதை வாங்கிப் படித்துவிட்டு, "எழுதனது சரியாத்தான் எழுதிக்கீறாங்க" என்று மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தான். எப்பேர்ப்பட்ட மனசு, என் முட்டாள்தனத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறானே என்று எனக்கு அழுகை வந்தது. உங்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொன்னேன்: எனக்காகப் பொய் சொல்கிறான், எனக்காகக் கோழைப் பட்டம் சுமக்கிறான். அவன் முகத்தைத் தினமும் பார்க்க முடியாமல்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் அடையாறுக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். பதவி உயர்வுக்காக என்று நீங்கள் நினைத்தீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

அது மட்டுமில்லை. கவசம் இல்லாமல் வாங்கிய அடி வருடங்கள் கழித்து மூளையில் வேலை காட்டும் என்று எங்கோ படித்துவிட்டேன். அவனைத் தொழில்முறைச் சண்டைக்குப் போகாதே என்று நான் தடுத்திருக்கலாம். தலைவலி என்று அவன் ஒரு நாள் சொன்னாலும் டாக்டரிடம் போ என்று நச்சரிப்பேன். போன மாதம் தொலைபேசியில் "தலையிலயா?" என்று கேட்டதன் காரணம் இதுதான்.

கருமாதிக்கு நொச்சிக்குப்பம் போயிருந்தேன். எல்லாம் முடிந்து ஜனம் கலைந்த பிறகு, தேசிங்கின் மனைவி கஸ்தூரி வெளியே வந்து எதிரில் உட்கார்ந்தாள். என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு நான் கயித்தை அவுக்காம இருந்திருந்தா அவன் எங்கேயோ போயிருப்பாம்மா. என்னை மன்னிச்சுடு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இன்னாண்ணா இப்டி சொல்றீங்க. அவருதான எந்திரிக்கல. உங்களாண்ட சொல்ட்டேன்னாரே."

"அது என்னைக் காப்பாத்தறதுக்குச் சொன்னதும்மா."

"அய்ய. உங்கள இன்னாத்துக்குண்ணா அவரு காப்பாத்தணும்?"

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சண்டைக்குப் பத்து நாளிக்கு முன்னாடி இடது கண்ணுல பூச்சி பூச்சியா பறக்குதுன்னாரு. டாக்டராண்ட கூட்டிக்கினு போனேன். கண்ணு உள்ள திரை கிழிய ஆரம்பிச்சிக்கீது, சரியா ஒரு குத்து வுழுந்தா கண்ணு அவ்ளோதான்னு சொன்னாரு. நான் போவாதன்னு அழுதேன். கேக்கல. ஒரு தபா மூஞ்சிய காட்டிட்டு வந்துடறேன்னாரு. அப்பால பாப்பா தலைல கைய வெச்சி சொன்னாரு: 'மூணு ரவுண்டு எனக்கு அத்துப்படி. அதுக்குள்ள எவனும் என் கண்ணாண்ட வர முடியாது. நாலாவதுக்கு எந்திரிக்க மாட்டேன்.' ஆனா ஜெயிச்சிக்கினு இருக்கும்போது போதும்னு உங்களாண்ட எப்டி சொல்றதுன்னு மூணு ரவுண்டும் அதே யோசனையாம். வந்து குந்தனா, நீங்களே அவுத்துக்கினு கீறீங்களாம்." இங்கே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் புடவையால் மூடிக்கொண்டாள். "அன்னிக்கு வூட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி சிரிச்சாருண்ணா. ஐயரு மூஞ்சிய நீ பாக்கணுமேன்னாரு."

விடுப்பு எடுத்த அந்தப் பதினைந்து நாளில் கண்ணுக்கு லேசர் வைத்திருக்கிறார்கள். கண் சரியாகிவிட்டது. படுக்கையில் விழுகிற வரை கஸ்தூரியின் அண்ணனோடு உட்கார்ந்து வலை பின்னினான், ஊசியில் தானே நூல் கோத்தான் என்றாள். கண் விஷயத்தை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா பாவம்பாங்களாம். போதும்னு எந்திரிக்கல, அத்த மட்டும் சொன்னா போதும்னாரு. ஐயராண்ட பத்து தபா சொன்னேன், அந்தாளு நம்பவே மாட்டேங்கறான்னு சலிச்சிக்கினாரு. நீங்க வூட்டுப் பக்கமே வராததுதான் அவருக்கு வருத்தம்."

அந்த வருத்தத்துக்கு நான் இப்போது எதுவும் செய்ய முடியாது. ஆனால் திரும்பி வரும்போது கடற்கரைச் சாலை நெடுக நடந்தே மயிலாப்பூர் வந்தேன், பஸ் ஏறவே தோன்றவில்லை. உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை ஒண்ணைச் சொன்னா அதுதானேடா. நீ ஏன் அதுக்குமேல யோசிச்சே?" என்றாள்.

நண்பர்களே, நான் உங்களிடம் சொன்ன கதையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். தேசிங்கு எனக்காகப் பொய் சொல்லவில்லை. அவன் நல்லவன் என்பதால் பொய் சொல்கிறான் என்று நானே நினைத்துக்கொண்டு, அந்தப் பொய்க்காக அவனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் சொன்ன உண்மைக்கு மரியாதை செய்யவில்லை. இனிமேல் குப்பத்தில் யாராவது பயந்துவிட்டான் என்று சொன்னால், மூலையில் பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் நான் போய்ச் சொல்கிறேன். கஸ்தூரியிடம் கேட்டுக்கொண்டுதான் கண் விஷயத்தை இங்கே எழுதியிருக்கிறேன். "எழுதுங்க, இப்ப யாரு பாவம்னு சொன்னா அவருக்கின்னா" என்றாள்.

எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு நிமிட இடைவேளையை. மண்டபம் முழுக்க அவன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. அமெச்சூர் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தவன், இனி வேறு சண்டை இல்லாதவன், ஜெயித்துக்கொண்டிருந்தவன், முக்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். எழக் கூடாது என்று முடிவு செய்திருந்தான், எழவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு நான், அவன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோம் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்போது தொடங்கிய நடுக்கம் ஐந்து வருடம் என்னை விடவில்லை. இனி நடுங்க வேண்டியதில்லை.